கப்பலில் வரும் கார்: வாசகர் கேள்விகளும் விளக்கங்களும்

வெளிநாட்டில் கார் வாங்கி ஊருக்குக் கொண்டுவருவது பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்துக்கொண்டோம். வரி விகிதங்கள் 2025 பட்ஜெட்டையும், 2025 செப்டம்பர் 22-ல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்தையும் கணக்கில் கொண்டவை. முன்பணம் கட்டுமுன் அன்றைய விகிதத்தை சுங்க வேலையை முடித்துத் தரும் உங்கள் கிளியரிங் ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் நிரந்தரமாக ஊர் திரும்புகிறான். அவன் காருக்கு 2 வருடம் 4 மாதம் ஆகிறது. சென்னைத் துறைமுகத்திலேயே இறக்கலாமா? மொத்தம் எவ்வளவு ஆகும்? (வாசகர், மேற்கு மாம்பலம்)

சென்னையில் இறக்க முடியாது. எண்ணூரில் கார்கள் வரிசையாகக் கப்பலேறுவதைப் பார்த்துவிட்டு, இறக்கவும் முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை இங்கே தயாராகி ஏற்றுமதியாகும் புது வண்டிகள். ஓட்டிய வண்டி இந்தியாவுக்குள் வர மும்பைத் துறைமுகம் மட்டுமே வழி. புது வண்டி இறக்குமதிக்கான பட்டியலில் மும்பையும் அதற்கு எதிர்க்கரையில் உள்ள நவா சேவாவும் தனித்தனித் துறைமுகங்களாக இருக்கின்றன. பழைய வண்டிக்கு மும்பை மட்டும்தான். கன்டெய்னர் கப்பல்கள் பெரும்பாலும் நவா சேவாவுக்குத்தான் போகின்றன. ஆகவே கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் இறங்கு துறைமுகம் என்று என்ன அடிக்கிறார்கள் என்பதை வரைவிலேயே படித்துப் பார்க்க வேண்டும். கப்பல் கிளம்பிய பிறகு அதைத் திருத்தப் பணமும் நாளும் போகும்.

அடுத்தது வயது. வண்டி தயாரான நாளிலிருந்து 3 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. முதல் பதிவு நாளிலிருந்து எண்ணக் கூடாது. தொழிற்சாலையிலிருந்து வந்து டீலரின் யார்டில் ஏழெட்டு மாதம் நின்ற வண்டிகள் நிறைய உண்டு. உங்கள் மகன் சொல்லும் 2 வருடம் 4 மாதம் பதிவுக் கணக்கா, தயாரிப்புக் கணக்கா என்று முதலில் தெளிவாக்குங்கள். சிங்கப்பூரின் வண்டிப் பதிவு ஆவணமான லாக் கார்டில் தயாரிப்பு ஆண்டு இருக்கும், மாதம் இருக்காது. மாதம் குறிப்பிட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். குறைந்தது 4 மாதமாவது கையில் மீதி இருக்கும்படி வண்டி ஏறினால்தான் நிம்மதி. கப்பல் தாமதமும் சான்றிதழ்த் தாமதமும் சேர்ந்து வண்டி கெடுவைத் தாண்டிவிட்டால் அப்புறம் பேச இடமில்லை.

மற்ற நிபந்தனைகள்: ஸ்டியரிங் வலப்புறம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி, இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்றபடி விழ வேண்டும். சிங்கப்பூர் வண்டிக்கு இவை மூன்றும் தாமாகவே பொருந்தும். வேலை வாங்குவது சான்றிதழ்கள். கப்பலேறும் முன், அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் வண்டியைப் பரிசோதித்து, அது இந்திய மோட்டார் வாகன விதிகளுக்கு ஒத்துவருகிறது என்றும், தயாரானபோது பெற்ற ஒப்புதலின்படியே இன்றும் இருக்கிறது என்றும் சான்று தர வேண்டும். இறக்குமதி நாளிலிருந்து 5 ஆண்டு சாலைத் தகுதி இருக்கும் என்ற உறுதிமொழியும், அந்தக் காலத்துக்கு இந்தியாவில் சர்வீஸ் வசதி இருக்கிறது என்பதற்கு ஆதாரமும் வேண்டும். இந்தியாவில் விற்காத மாடல் என்றால் இந்தக் கடைசி நிபந்தனைதான் முட்டுக்கட்டை. மும்பையில் இறங்கிய பிறகும், சுங்கம் விடுவிக்கும் முன், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அல்லது அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) வி.ஆர்.டி.இ. போன்ற நிறுவனத்தின் சோதனை உண்டு. எக்ஸாஸ்டை மாற்றிய வண்டி, இன்ஜின் கணினியான ஈ.சி.யூ.வில் ரீமேப் செய்த வண்டி, அகலமான வீல் போட்ட வண்டி எல்லாம் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. ஏற்றும் முன்பே கம்பெனிப் பாகங்களை மாட்டிவிடுங்கள்.

இப்போது பணம். சுங்கத் துறை உங்கள் மகன் வாங்கிய விலையையோ இன்றைய சந்தை விலையையோ எடுத்துக்கொள்வதில்லை. அதே வண்டி புதிதாக இருந்தபோது இருந்த விலையில் தொடங்கித் தேய்மானம் கழிக்கும்: முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், 2-ம் ஆண்டில் 3, 3-ம் ஆண்டில் 2.5. புது விலை 30,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆண்டும் முழுதாக ஒரு காலாண்டும் ஆன வண்டிக்கு 30.5 சதவீதம் கழியும். மிச்சம் 20,85,000. கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்து 1,65,000 என்றால், வரி போடும் மதிப்பு 22,50,000.

இதன் மேல் அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதம், விவசாய உள்கட்டமைப்பு வரி 67.5 சதவீதம், ஆக 137.5. அது 30,93,750 ரூபாய். வண்டி மதிப்பையும் இந்த வரியையும் கூட்டினால் 53,43,750. இந்தக் கூட்டுத்தொகையின் மேல்தான் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. பெரிய காருக்கு 40 சதவீதம் என்றால் 21,37,500. ஆக வண்டி துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது அதன் அடக்கம் 74,81,250 ரூபாய். அதில் வரி மட்டும் 52 லட்சத்துக்கு மேல். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் என்றால் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அப்போதும் 63 லட்சம் ஆகிவிடும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால சாலை வரி 20 சதவீதம். இறக்குமதி வண்டிக்கு விலை என்பது சுங்க வரியும் சேர்ந்த விலை என்பதால் இன்னும் ஒரு 15 லட்சம் எடுத்து வைக்க வேண்டும்.

சிங்கப்பூர்க்காரர்கள் போட வேண்டிய இன்னொரு கணக்கு இருக்கிறது. அங்கே ஒரு காரின் விலை பேப்பர் வேல்யூ, பாடி வேல்யூ என்று இரண்டாகப் பிரியும். பதிவை ரத்து செய்தால், கார் வைத்திருக்க வாங்கும் உரிமமான சி.ஓ.இ.யின் மீதக் காலத்துக்கான தொகையும், பதிவின்போது கட்டிய வரியில் ஒரு பகுதியான பார்ஃப் தள்ளுபடியும் அந்நாட்டுப் போக்குவரத்து ஆணையமான எல்.டி.ஏ.விடமிருந்து கைக்கு வந்துவிடும். அதுதான் பேப்பர் வேல்யூ. நீங்கள் கப்பலில் ஏற்றுவது பாடியை மட்டும்தான். ஆகவே, ‘அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காரை எப்படி விட்டுவிட்டு வருவது’ என்ற தவிப்புக்குப் பெரும்பகுதி காரணமே இல்லை. பேப்பர் வேல்யூவை வாங்கிக்கொண்டு, பாடியை அங்கேயே ஏற்றுமதி டீலருக்குக் கொடுத்துவிட்டு வருவதுதான் பத்தில் ஒன்பது பேருக்கு நல்லது. அதே மாடல் இந்தியாவில் விற்பனையில் இருந்தால், இங்கே புதிதாக வாங்குவது அநேகமாக மலிவாகவே முடியும்.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ் சலுகையில் காருக்கு வரி குறையும் என்று ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா? (வாசகி, பெரம்பூர்)

இல்லை. வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து திரும்புகிறவர்களின் வீட்டுச் சாமான்களுக்கான சலுகை அது. மோட்டார் வாகனம் அதில் சேராது, முழு வரி உண்டு. நிரந்தரமாகத் திரும்புகிறவர் என்ற வகையில் வண்டி கொண்டுவர, 2 ஆண்டு தொடர்ந்து வெளிநாட்டில் இருந்ததற்கும், குறைந்தது ஓராண்டு அந்த வண்டி உங்கள் கையில் இருந்ததற்கும் ஆதாரம் கேட்பார்கள். அந்த ஆதாரங்கள் வண்டியை உள்ளே விடுவதற்குத்தான். வரியை அவை குறைப்பதில்லை. இப்படிச் சொன்ன ஏஜென்ட், வேறு யாருடைய பாஸ்போர்ட்டிலாவது வண்டியைக் காட்டலாம் என்றும் சொல்லக்கூடும். அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் என் கணவரின் எஸ்.யூ.வி. ஒன்றரை வருடம்தான் ஓடியது. இடப்பக்க ஸ்டியரிங். அதை வலப்பக்கமாக மாற்றிக் கொண்டுவரலாமா? கேரளாவில் துபாய் நம்பரோடு வண்டிகள் ஓடுகின்றனவே? (வாசகி, ராயபுரம்)

மாற்றக் கூடாது. டாஷ்போர்டு, ஸ்டியரிங் ராக், பிரேக் பூஸ்டர், பெடல்கள், வயரிங், வைப்பர், ஏர்பேக் எல்லாம் இடம் மாற வேண்டும். ஃபயர்வாலை வெட்டிப் பற்றவைக்க வேண்டும். மோதினால் உயிரைக் காப்பாற்றும் கட்டமைப்பு அதோடு போய்விடும். சட்டப்படியும் நிற்காது. தயாரானபோது பெற்ற ஒப்புதலின்படி வண்டி இருக்கிறது என்ற சான்று, வெட்டி ஒட்டிய வண்டிக்குக் கிடைக்கவே கிடைக்காது. அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாமே வலப்பக்கம் ஓட்டும் நாடுகள். அங்கே ஓடும் வண்டியை இங்கே நிரந்தரமாகக் கொண்டுவர முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேரளாவில் நீங்கள் பார்த்தவை கார்னெட்டில் வந்தவை. வண்டி பதிவான நாட்டின் ஆட்டோமொபைல் கிளப், அந்த வண்டி திரும்பி வந்துவிடும் என்று உத்தரவாதம் கொடுத்து வழங்கும் சுங்கக் கையேடு அது. அதற்காக உங்களிடம் பெரிய தொகையை டெபாசிட்டாகவோ வங்கி உத்தரவாதமாகவோ வாங்கிக்கொள்ளும். இந்தியாவில் 6 மாதம் வரை வரி கட்டாமல் ஓட்டலாம், இடப்பக்க ஸ்டியரிங்கும் பரவாயில்லை. ஆனால் வெளிநாட்டில் வசிப்பவர் தற்காலிகமாக வரும்போது அவர் பெயரில் வருவது இது. அவர் விமானத்தில் துபாய் திரும்பியதும் இங்கே மைத்துனர் ஓட்டுவது, வாடகைக்கு விடுவது, விற்பது எதுவும் கூடாது. உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியே போகும்போது ஒரு முத்திரை. இரண்டாவது முத்திரை விழாவிட்டால் இந்தியச் சுங்கம் கிளப்பிடம் வரி கேட்கும், கிளப் உங்கள் டெபாசிட்டில் கை வைக்கும். வண்டி கப்பலேறும் நாளில் கையேட்டின் அந்தப் பக்கத்தை நீங்களே திறந்து முத்திரையையும் தேதியையும் பார்த்துவிடுங்கள். இந்திய மூன்றாம் நபர் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும், அமீரகப் பாலிசி இங்கே செல்லாது.

கேள்வி: கன்டெய்னரா, ரோ-ரோ கப்பலா? எது பாதுகாப்பு? வண்டியை எப்படிக் கட்ட வேண்டும்? (வாசகர், அம்பத்தூர்)

ரோ-ரோவில் வண்டியை ஓட்டியே ஏற்றுவார்கள், ஓட்டியே இறக்குவார்கள். செலவு குறைவு. ஆனால் சாவி பல கை மாறும், வண்டிக்குள் ஒரு குடைகூட வைக்கக் கூடாது, கப்பல் வரும் நாளும் குறைவு. ஒற்றைக் காருக்கு 20 அடி கன்டெய்னரை நாங்கள் பரிந்துரைக்கிறோம். காசு கூடுதல்தான். ஆனால் சீல் உடையும்வரை யாரும் தொட முடியாது.

அந்தப் பெட்டியின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், உள்ளகலம் 2.35 மீட்டர். 1.85 மீட்டர் அகலமுள்ள காரை நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு கால் மீட்டர்தான் மிச்சம். கண்ணாடிகளை மடித்து ஓட்டி உள்ளே போனவர் கதவைத் திறந்து இறங்க முடியாது. ஜன்னல் வழியாகவோ டிக்கி வழியாகவோ வெளியே வர வேண்டும். கதவு விளிம்பில் வரும் கீறல்களில் முக்கால்வாசி கடலில் வருவதில்லை, இந்த இடத்தில்தான் வருகின்றன. ஏற்றும் ஆளிடம் சொல்லி, இரு கதவு விளிம்பிலும் நுரைப் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். வெயில் நாட்டில் பெயின்ட் மேல் நேரடியாக டேப் ஒட்டக் கூடாது, உரிக்கும்போது கிளியர் கோட் சேர்ந்து வரும்.

கட்டுவதில் ஒரு விஷயம் முக்கியம். ராட்செட் பட்டையைச் சக்கரத்தின் மேல் போட்டுத் தரை வளையத்தில் இறுக்க வேண்டும். சிலர் சேஸிஸ் கொக்கியிலோ சஸ்பென்ஷன் ஆர்மிலோ மாட்டி இழுப்பார்கள். துறைமுகத்தில் இறுக்கமாகத்தான் தெரியும். கடலில் வண்டி அமுங்கி எழும்போது ஸ்பிரிங் சுருங்கும், பட்டை தளரும், கொக்கி கழன்று விழும். பிறகு கார் முன்னும் பின்னும் இடிபட்டுக்கொண்டே வரும். டயரோடு கட்டினால் உடல் மேலே ஆடினாலும் சக்கரம் நகராது. நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துத் தரையில் ஆணி அடிக்க வேண்டும். அந்தக் கட்டைகளில் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்கிறதா பாருங்கள். பூச்சி அழிக்கச் சூடேற்றிய மரம் என்பதற்கான அடையாளம் அது. இல்லாத மரம் வந்தால் தாவரத் தனிமைப்படுத்தல் துறை கன்டெய்னரையே நிறுத்திவைக்கும். ஒரு கட்டைக்காகப் பல நாள் டெமரேஜ் (தாமத வாடகை) கட்ட வேண்டி வரும்.

பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இருக்கட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் அல்லது ‘பார்க்’கில் விடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றும் முன், ரிமோட் வேலை செய்யாதபோது கதவைத் திறக்கும் உலோகச் சாவியை எடுத்து வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி பானட்டுக்குள், பானட் லீவர் காருக்குள், கார் பூட்டிக் கிடக்கிறது என்ற நிலைமை அடிக்கடி வருகிறது. டிக்கியில் பேட்டரி உள்ள மாடல்களில் இன்னும் கஷ்டம்.

இன்சூரன்ஸில் இரண்டு வகை விற்பார்கள். ‘முழு இழப்பு மட்டும்’ என்ற மலிவு பாலிசி, வண்டியே முழுதாகப் போனால்தான் பணம் தரும். பம்பர் உடைந்தால் ஒன்றும் கிடைக்காது. இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் ‘ஏ’ என்ற விரிவான பாலிசியை எடுங்கள். எந்த வகையானாலும் ‘ஜெனரல் ஆவரேஜ்’ உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். கப்பலில் தீப்பிடித்து, அதைக் காப்பாற்றச் செலவு ஆனால், உங்கள் கார் முழுசாக இருந்தாலும் அந்தச் செலவில் ஒரு பங்கை நீங்கள் கட்டித்தான் காரை எடுக்க முடியும். ஏற்றும் அன்று, தேதி தெரியும்படி நான்கு பக்கமும், கூரையும், வீல்களும், ஓடோமீட்டரும், சீல் எண்ணும் படம் எடுங்கள். இறங்கியதும் சேதம் தெரிந்தால் உடனே எழுத்தில் சொல்லுங்கள். வெளியே தெரியாத சேதத்துக்குக் கப்பல் கம்பெனிக்கு 3 நாளுக்குள் கடிதம் போக வேண்டும், வழக்குக்கு ஓராண்டு கெடு.

கேள்வி: துறைமுகத்தில் வண்டி மாதக்கணக்கில் நிற்பது ஏன்? என்னென்ன காகிதம் தயாராக இருக்க வேண்டும்? (வாசகர், சோழிங்கநல்லூர்)

பெரும்பாலும் சேஸிஸ் எண்ணால், அதாவது வண்டியில் பொறித்த 17 எழுத்து அடையாள எண்ணால். இன்வாய்ஸ், பதிவு ரத்துச் சான்று, பில் ஆஃப் லேடிங், சோதனைச் சான்று, இன்சூரன்ஸ் ஆகிய ஐந்திலும் அந்த 17 எழுத்துகள் ஒன்றாக இருக்க வேண்டும். ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் சேஸிஸ் எண்ணில் வரவே வராது. ஒன்றையும் சுழியத்தையும் பார்த்துவிட்டு எழுத்தாக அடிக்கும் டைப்பிஸ்ட் செய்த பிழை, மும்பையில் திருத்தக் கடிதம், திருத்தக் கட்டணம், காத்திருப்பு என்று நீளும். வரைவு வந்ததும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்கள், வேலை அனுமதி, அசல் வாங்கிய ரசீது, வெளிநாட்டுப் பணத்தில் கட்டியதற்கான வங்கி ஆதாரம், அந்த நாட்டுப் பதிவும் அதன் ரத்தும், தயாரிப்பு மாதக் கடிதம், மேலே சொன்ன சோதனைச் சான்றுகள், கே.ஒய்.சி. ஆகியவை வேண்டும். சொந்த உபயோகத்துக்கு என்பதால் வியாபாரிகள் எடுக்கும் இறக்குமதி-ஏற்றுமதி எண்ணான ஐ.இ.சி. தேவையில்லை. கப்பல் கட்டண ரசீதை மறக்காதீர்கள். கட்டணம் எவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால், வண்டி மதிப்பில் 20 சதவீதத்தைக் கட்டணம் என்றும், 1.125 சதவீதத்தை இன்சூரன்ஸ் என்றும் சுங்கமே சேர்த்துக்கொள்ளும். எங்கள் கணக்கில் உள்ள 20,85,000 ரூபாய் வண்டிக்கு அது 4 லட்சத்து 40 ஆயிரத்தைத் தொடும். அதன் மேலும் வரி.

சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கையான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. வரி கட்டத் தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. துறைமுக வாடகையும் கன்டெய்னர் வாடகையும் தனித்தனியாக ஓடும், 30 நாள் தாண்டினால் சரக்கை ஏலம் விடவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே வரிப்பணம் முழுவதும் கப்பல் கிளம்பும்போதே வங்கியில் இருக்க வேண்டும். வண்டி வந்த பிறகு கடன் தேடுவதுதான் இதில் மிகவும் விலை உயர்ந்த பழக்கம்.

கிளியரிங் ஏஜென்ட்டைப் பாரிமுனையில், தம்புச்செட்டித் தெருவிலேயே பிடிக்கலாம். ஆனால் வேலை மும்பையில். அங்கே யார் பெயரில் தாக்கல் செய்வார்கள், ஓட்டிய கார் விடுவித்த அனுபவம் உண்டா என்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி: புது காரையே நேரடியாக வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தால்? (வாசகர், அண்ணா நகர்)

புது வண்டி சென்னை, எண்ணூர் வழியாகவும் வரலாம். ஆனால் ‘புதிது’ என்றால் எந்த நாட்டிலும் பதிவாகாதது, யாருக்கும் விற்கப்படாதது என்று பொருள். ஷோரூமிலிருந்து பதிவு செய்து 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டாலே அது பழைய வண்டி. 40,000 டாலருக்கு மேல் என்றால் சுங்கமும் விவசாய உள்கட்டமைப்பு வரியும் சேர்ந்து 110 சதவீதம், அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. 40: நூறு ரூபாய் வண்டி 294 ரூபாய் ஆகும். மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி வகை ஒப்புதல் என்ற தடையும் இருக்கிறது. அது கம்பெனிகள் ஒரு மாடலுக்காக எடுப்பது. தனி ஆள் ஒரு வண்டிக்காக அதில் இறங்குவது வீண். இந்தியாவில் உள்ள அந்தக் கம்பெனியின் டீலர் மூலமாகவே இறக்குமதி ஆர்டர் கொடுங்கள். வாரன்டியும் அப்போதுதான் இங்கே நிற்கும்.

கேள்வி: வேறு மாநிலப் பதிவுள்ள பழைய ஜப்பானிய எஸ்.யூ.வி. ஒன்றைப் பாதி விலைக்குத் தருவதாகத் தரகர் சொல்கிறார். ஆர்.சி. புத்தகம் சரியாக இருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், வேளச்சேரி)

ஆர்.சி. சரியாக இருப்பது போதாது. 2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத் துறை ‘நும்கோர்’ என்ற பெயரில் நடத்திய சோதனைகளை நினைவுபடுத்துகிறோம். பூடான் வழியாக வரி கட்டாமல் கொண்டுவந்து, போலிக் காகிதங்களைக் காட்டி வேறு மாநிலங்களில் பதிவு செய்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகள் அப்போது பறிமுதலாயின. காசு கொடுத்து வாங்கியவர்களின் வீட்டு வாசலிலிருந்துதான் அவை போயின. வரி கட்டாமல் வந்த வண்டி எத்தனை கை மாறினாலும் அந்தக் குறை அதோடேயே வரும். கடைசியாக வைத்திருப்பவர் பறிமுதலை எதிர்கொள்ள வேண்டும். அபராதம் கட்டி மீட்க அனுமதித்தாலும் வரி தனி.

தரகரிடம் பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்கள். எண், தேதி, துறைமுகம் மூன்றும் கிடைத்தால் சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். அந்த நகலில் உள்ள சேஸிஸ் எண், வண்டியில் பொறித்த எண், அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹன் காட்டும் எண் மூன்றும் பொருந்த வேண்டும். தூதரகத்திலிருந்து ஏலத்தில் எடுத்தது, ராணுவத்தில் கழித்தது என்று சொன்னால், ஏல ரசீதும் சுங்கம் கட்டிய ரசீதும் எங்கே என்று கேளுங்கள். சேஸிஸில் பொறித்த இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கம்பெனி பொறித்த எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும். சுற்றிலும் அரம் போட்ட தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். பத்தாவது எழுத்தை வைத்து ஆண்டு சொல்கிறேன் என்பார்கள். அது அமெரிக்கச் சந்தை வண்டிக்குச் செல்லும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் அந்த எழுத்து ஆண்டைக் குறிப்பதில்லை. ஜப்பான் உள்நாட்டு வண்டிகளுக்கு 17 எழுத்தே கிடையாது, அதைவிடக் குறைந்த ஃபிரேம் எண்தான்.

காகிதம் இல்லை என்றால் கால் விலைக்கும் வேண்டாம்.

கேள்வி: நடிகர்கள் இறக்குமதி காருக்கு நுழைவு வரி கட்டியது பற்றி வழக்கு நடந்ததே, அது இன்னும் உண்டா? மும்பையிலிருந்து வண்டியை எப்படிக் கொண்டுவருவது? (வாசகர், தாம்பரம்)

அந்த நுழைவு வரி 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி.யோடு கலந்துவிட்டது. அதற்கு முன் வந்த வண்டிகளைப் பற்றியவை அந்த வழக்குகள்.

மும்பையிலிருந்து சுமார் 1,330 கிலோமீட்டர். மூடிய கார் கேரியர் லாரியில் ஏற்றி வருவதே மேல். ஓட்டி வருவதென்றால் தற்காலிகப் பதிவும் காப்பீடும் இல்லாமல் துறைமுக வாசலைத் தாண்டக் கூடாது. சென்னையில் உங்கள் வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 20, பில் ஆஃப் என்ட்ரி, வரி கட்டிய ரசீது, சோதனை நிறுவனச் சான்று, காப்பீடு, முகவரிச் சான்று கொடுத்து வண்டியை நேரில் காட்ட வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுத் தரத்துக்குக் கீழ் உள்ள வண்டிக்குப் புதுப் பதிவு கிடையாது. சோதனைச் சான்றில் மாசுத் தரம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று மும்பையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ‘யூரோ 6’ என்று வெளிநாட்டு டீலர் சொன்ன வாய்வார்த்தை இங்கே கவுண்டரில் செல்லாது.

கேள்வி: எல்லாம் முடிந்து வண்டி வந்துவிட்டது. இங்கே பங்கில் ஈ20 பெட்ரோல்தான் கிடைக்கிறது. பாதிக்குமா? (வாசகர், திருவான்மியூர்)

பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ‘ஈ10’ என்று இருந்தால் 20 சதவீத எத்தனால் அந்த வண்டிக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல. உடனே இன்ஜின் நிற்காது. எத்தனால் சில வகை ரப்பரை ஊதவைக்கும், தண்ணீரை இழுக்கும். நாளடைவில் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர் சீல், ரப்பர் குழாய்கள் பாதிக்கப்படும், மைலேஜும் குறையும். சென்னைக் காற்றின் ஈரத்தில் வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டிக்கு இது கூடுதல் கெடுதல். நிறுத்துவதென்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், ஈரம் சேரக் காலி இடம் குறையும். ரப்பர் குழாயையும் இன்ஜெக்டர் சீலையும் ஈ20-க்கு ஏற்ற பாகமாக மாற்ற முடியுமா என்று அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். பாக எண்கள் நாட்டுக்கு நாடு மாறும். பெயரைச் சொல்லி புதுப்பேட்டையில் தேடினால், பார்வைக்குப் பொருந்தும் வேறு பாகம்தான் கிடைக்கும்.

ஜப்பான் உள்நாட்டு வண்டியாக இருந்தால் ரேடியோவும் இடிக்கும். அங்கே எஃப்.எம். 76-லிருந்து 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் ஊர் நிலையங்கள் பல அதற்கு அப்பால் இருக்கின்றன. அலைவரிசை மாற்றும் சிறு பெட்டியை ஆன்டெனா வயரில் சேர்க்கலாம், அல்லது ஸ்டீரியோவையே மாற்றலாம். மாற்றும்போது ரிவர்ஸ் கேமராவின் வயர் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே பழைய பிளக்கை வெட்டச் சொல்லுங்கள்.